ராத்திரி அடுப்பு பற்றவைக்காத வீடு

போன கோடையில் சித்தி ஊரிலிருந்து வந்து, ஜெர்மனியில் லைப்ஸிக்கில் எங்களோடு தங்கியிருந்தார். கீழ் வீட்டு ஜெர்மன் பாட்டி ஒருநாள் எங்கள் எல்லோரையும் சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். நேரில் அவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைப்பேன். இங்கே பாட்டி என்றே எழுதுகிறேன். சாப்பாடும் பேச்சும் நன்றாகத்தான் போயின. மேலே வந்து கதவைச் சாத்தியதும் சித்தி சொன்னார்: "பாவம்டி. வயசான காலத்துல ராத்திரிக்கு ஒரு ரசஞ்சோறு வெச்சுக் குடுக்க ஆளில்லாம, ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்குது அந்தம்மா." ஆள் இல்லாததால் அல்ல, பிள்ளை குட்டியோடு இருக்கிற வீட்டிலும் இங்கே ராத்திரிக்கு இதுதான் என்று சொன்னேன். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி அடுப்புப் பத்த வைக்காத வீடு என்னடி வீடு?" என்று கேட்டுவிட்டு எங்களுக்குத் தோசை ஊற்றப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. இங்கே வாழும் நம் ஆட்களிடம் இதே பேச்சை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்பார்கள், கஞ்சத்தனம் என்பார்கள், பாசம் இல்லாத ஊர் என்பார்கள். எனக்கு இதில் எதிலும் உடன்பாடு கிடையாது. ஆனால் "அது அவங்க வழக்கம்" என்று சொல்லி முடித்துவிடுவதும் பதில் ஆகாது. வழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், யார் வீட்டில் இருந்தார்கள், எந்த மண்ணில் எந்தத் தானியம் விளைந்தது என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு வேளைச் சாப்பாடு உருவாகிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் அந்த மேசையைச் சொல்லிவிடுகிறேன். மணி ஆறு, மிஞ்சினால் ஆறரை. ஆளுக்கு ஒரு சின்ன மரப்பலகை, ப்ரெட்ஷென் என்று பெயர், தட்டுக்குப் பதில் அதுதான். ஆளுக்கு ஒரு கத்தி. நடுவில் வெட்டி வைத்த கறுத்த ரொட்டி, வெண்ணெய், இரண்டு மூன்று வகைச் சீஸ், சாஸேஜ் துண்டுகள், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், சின்னச் சிவப்பு முள்ளங்கி, தக்காளி. குடிக்கப் புதினாத் தேநீரோ காட்டு ரோஜாக் காயில் போட்ட புளிப்புத் தேநீரோ. சித்தி சைவம் என்று தெரிந்து பாட்டி க்வார்க் என்கிற மெத்தென்ற பாலாடையில் வெங்காயத்தாள் மாதிரியான ஒரு கீரையை நறுக்கிப் போட்டு, மேலே ஆளிவிதை எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். அந்த எண்ணெய் இந்தப் பக்கத்துக்கே உரியது. நல்ல மணம், லேசான கசப்பு.

இதைச் சாப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரைக்கும் தடவ வேண்டும், நடுவில் மட்டும் தடவினால் பாட்டி பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு துண்டின் மேல் ஒரு பொருள்தான். இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று மூடுவது பள்ளிக்கும் வேலைக்கும் கட்டிக் கொடுக்கிற ரொட்டிக்கு. வீட்டு மேசையில் திறந்துதான் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு விரல் அகலத்துக்கு வெட்டித் தருவார்கள். பழைய ஆட்கள் சிலர் இந்த ரொட்டியையும் கத்தியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். முக்கியமான விஷயம் ஒன்று. சாப்பாடு தொடங்கிய பிறகு யாரும் எழுந்து உள்ளே போவதில்லை. தாளிக்க வேண்டியது இல்லை, சூடாக இன்னொன்று எடுத்து வர வேண்டியது இல்லை, கடைசியாக உட்கார்ந்து ஆறிப்போனதைச் சாப்பிடுகிற ஆளும் இல்லை. சீஸ் தட்டு கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும், பேச்சும் போய்க்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரத்தில் பலகைகளைத் துடைத்து அடுக்கிவிட்டார்கள்.

இது நடக்க வேண்டுமானால் ரொட்டி நாலைந்து நாள் தாங்க வேண்டும், அதோடு வயிறும் நிறைய வேண்டும். இரண்டுக்கும் காரணம் ரை என்கிற தானியம். வடக்கிலும் கிழக்கிலும் மணற்பாங்கான மண், குளிர் அதிகம், அங்கே கோதுமையைவிட ரை நன்றாக வரும். ஆனால் ரை மாவு கோதுமை மாதிரி எழும்பாது. மாவு புளித்தால்தான் ரொட்டி உள்ளே பிசுபிசுவென்று ஆகாமல் நிற்கும். அந்தப் புளிப்புதான் அதைக் கெடாமலும் வைத்திருக்கிறது. கனமான ரை ரொட்டியை மறுநாள் சாப்பிட்டால்தான் சுவை என்று இங்கே சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ரொட்டியின் பெயரிலேயே கணக்கு உண்டு: ரை ரொட்டி என்று விற்க வேண்டுமானால் மாவில் 90 சதவீதமாவது ரை இருக்க வேண்டும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ரொட்டி வகைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 2014-இல் ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சித்தி "காஞ்ச ரொட்டி" என்று நினைத்தது ஊரில் பேக்கரியில் வாங்கும் வெள்ளை ரொட்டியை மனதில் வைத்து. இது வேறு சாதி.

ஊருக்கு ஒரு பெயர்

இந்தச் சாப்பாட்டுக்கு நாடு முழுக்க ஒரே பெயர் கிடையாது. எங்கள் பக்கத்திலும் வடக்கிலும் ஆபென்ட்ப்ரோட், அதாவது சாயங்கால ரொட்டி. மேற்கிலும் தெற்கிலும் ஆபென்ட்எஸ்ஸன், சாயங்காலச் சாப்பாடு. தென்மேற்கு மூலைக்குப் போனால் நாஹ்ட்எஸ்ஸன், எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்தில் அதைச் சுருக்கி ட்ஸ்நாஹ்ட், வியன்னாவில் நாஹ்ட்மால். ஆபென்ட்மால் என்று மட்டும் யாரும் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார்கள். அது தேவாலயத்துக்குப் போய்விட்ட சொல், நம் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் என்கிறார்களே, அதற்கு உரியது. ஷ்டெஃபான் எல்ஸ்பாஸ், ரோபர்ட் ம்யோலர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் 2003-இலிருந்து இணையத்தில் மக்களிடமே கேட்டு, எந்த ஊரில் எந்தச் சொல் என்று வரைபடங்கள் போட்டு வருகிறார்கள். மணிக்கணக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரொட்டியின் முனைத் துண்டுக்கு மட்டும் எத்தனை பெயர்! ஹாம்பர்கில் க்னூஸ்ட், பெர்லினில் கான்டன், பவேரியாவில் ஷெர்ட்ஸல். வெண்ணெய் தடவிய துண்டுக்கு பெர்லினில் ஷ்டுல்லெ, லைப்ஸிக் இருக்கிற எங்கள் சாக்சனி மாநிலத்தில் பெம்மெ. பாட்டி வாயில் பெம்மெ என்ற சொல் வரும்போது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

தெற்கில் குளிர்ந்த சாப்பாடு இல்லாமல் இல்லை, அங்கே அது வேறு வேளையில் வருகிறது. பவேரியாவில் ப்ரோட்ஸைட் என்பது காலை பத்து மணிக்கும் இருக்கலாம், சாயங்காலமும் இருக்கலாம். ஸ்வாபியாவில் ஃபெஸ்பர். ஆஸ்திரியாவில் யவுஸ, அது ஸ்லோவேனிய மொழியிலிருந்து வந்த சொல். மியூனிக் பக்கத்து பியர் தோட்டங்களில் இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக வந்து மேசைவிரிப்பை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டி, சீஸ், முள்ளங்கியை எடுத்து வைத்துச் சாப்பிடுவார்கள், பியர் மட்டும் அங்கே வாங்குவார்கள். யாரும் எதுவும் சொல்ல முடியாது. 1812-இல் பவேரிய அரசர் பிறப்பித்த ஆணையில், மதுவடிப்போர் தங்கள் நிலவறைகளில் பியரும் ரொட்டியும் விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று இருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர்களின் பிழைப்பைக் காக்கச் செய்த ஏற்பாடு. விற்கும் தடை போய்விட்டது, கொண்டுவரும் உரிமை நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹாசன்ப்ரோட், முயல் ரொட்டி. வேலைக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டியில் ஒன்று மிஞ்சிப்போனால் அப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்து, வழியில் முயல் கொடுத்தது என்று பிள்ளைகளிடம் தருவாராம். ஓரம் வளைந்து, வெண்ணெய் ஊறிப்போன அந்தப் பழைய ரொட்டிக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்களாம். பாட்டியின் கணவர் டிராம் ஓட்டுநர். அவரும் கொண்டுவந்திருக்கிறார்.

மத்தியானம் யார் சமைத்தது

பாட்டியிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். ராத்திரி சமைக்காமல் ரொட்டி சாப்பிடுவது எப்போதிலிருந்து, உங்கள் அம்மா காலத்திலும் இப்படியா? அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் சமைக்கவில்லை என்று யார் சொன்னது?" என்றார். அவர் லைப்ஸிக்கில் ப்ளாக்விட்ஸ் பக்கத்தில் ஓர் ஆலையின் கேன்டீனில் சமையற்காரராக இருந்தவர். கிழக்கு ஜெர்மனி இருந்தவரைக்கும் அங்கேதான் வேலை. காலை ஐந்தரைக்குள் சமையற்கட்டில் நிற்க வேண்டும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கொப்பரைகள். பருப்புக் கூட்டு மாதிரியான லின்சன் ஒருநாள், கடுகுச் சாறில் அவித்த முட்டை ஒருநாள், புளிப்பும் காரமுமாக சோல்யாங்கா என்ற ருசியச் சூப் ஒருநாள், தக்காளிச் சாறும் நூடுல்ஸும் ஒருநாள். பதினொன்றரைக்கு முதல் வரிசை வந்துவிடும். அவர் கணவர் டிராம் பணிமனைக் கேன்டீனில் சாப்பிட்டார். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டார்கள், ஒரு சாப்பாடு 55 ஃபென்னிக், அந்தக் காலத்துச் சில்லறைக் காசு. ஆக, வீட்டில் நாலு பேரும் மத்தியானம் வயிறார, சூடாகச் சாப்பிட்டவர்கள். "சாயங்காலம் மறுபடியும் எதற்குச் சமைக்க வேண்டும்? ஆறு மணிக்கு ஆபென்ட்ப்ரோட், ஆறே முக்காலுக்கு மேல் டிவியில் ஸாண்ட்மென்ஷன், அப்புறம் பிள்ளைகள் படுக்கை. அந்த ஒரு மணி நேரம்தான் நான் உட்கார்ந்திருந்த நேரம்." ஸாண்ட்மென்ஷன் 1959 நவம்பரில் கிழக்கு ஜெர்மனித் தொலைக்காட்சி தொடங்கிய, பிள்ளைகளைத் தூங்கவைக்கும் குட்டிப் பொம்மை நிகழ்ச்சி. நாடு போய்விட்டது, அந்தப் பொம்மை இன்றும் வருகிறது.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. பாட்டியின் ஒன்றுவிட்ட தங்கை ஹனோவரில், அதாவது மேற்கில் வளர்ந்தவர். "அவள் வீட்டிலும் ராத்திரி ரொட்டிதான். அதே வெள்ளரிக்காய், அதே பலகை. ஆனால் மத்தியானம் யார் சமைத்தது என்று அவளைக் கேளுங்கள்" என்றார். மேற்கில் பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஒரு மணிக்குப் பிள்ளைகள் பசியோடு வீட்டுக்கு வருவார்கள். அம்மா உருளைக்கிழங்கு அவித்து, கறி வறுத்து, குழம்பு வைத்துத் தயாராக நிற்க வேண்டும். அம்மா வேலைக்குப் போனால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். சட்டமும் அதற்குத் துணை நின்றது. குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவில் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்று மேற்கு ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 1977 வரைக்கும் எழுதியிருந்தது. கிழக்கிலோ 1980களின் கடைசியில் வேலை வயதுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். எல்லைக்கு இருபுறமும் ராத்திரி மேசை ஒன்றேதான். அதைத் தாங்கிப்பிடித்த மத்தியான அடுப்புதான் வேறு. ஒரு பக்கம் சம்பளம் வாங்குகிற பாட்டி நின்றார், இன்னொரு பக்கம் சம்பளம் இல்லாத ஓர் அம்மா நின்றார்.

இதைக் கேட்ட பிறகு பழைய கதையும் எனக்குத் தெளிவாயிற்று. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் கிராமத்து வீட்டில் ராத்திரிக்குச் சூடான கஞ்சியோ மாவுச் சூப்போ அவித்த உருளைக்கிழங்கோதான் பல இடங்களில். ஆலைகள் வந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டை ஹென்கெல்மான் என்ற கைப்பிடி வைத்த தகரத் தூக்கில் போட்டு மனைவியோ பிள்ளைகளோ ஆலை வாசலுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு கேன்டீன்கள் பெருகின. உடலை முறிக்கும் வேலையும் மெல்லக் குறைந்தது. மத்தியானம் சூடு என்பது உறுதியான பின்னால்தான் ராத்திரி குளிர்ந்த சாப்பாடு ஊர்முழுக்கப் பரவ முடிந்தது. ஆகவே அடுப்பு எங்கும் அணையவில்லை. வேறு நேரத்துக்கும் வேறு கைக்கும் மாறியிருக்கிறது. அந்தக் கைகளில் பேக்கரியில் நிற்பவர்களுடையதையும் சேர்க்க வேண்டும். 1915-இல் போர்க்கால மாவுத் தட்டுப்பாட்டுக்காகக் கொண்டுவந்த இரவு ரொட்டி சுடும் தடை, பிறகு தொழிலாளர் பாதுகாப்பாக 1996 வரை நீடித்தது. அது போன பின் நள்ளிரவிலும் சுடுகிறார்கள்.

இதனால்தான் ஆபென்ட்ப்ரோட்டை ஒரேயடியாகப் புகழ்கிற ஜெர்மன்காரர்களிடமும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தக் காலத்தில் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்தது, இப்போது ஆளுக்கொரு நேரம் என்று வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயம். ஆனால் அப்படி உட்கார முடிந்ததற்கு யார் மத்தியானம் முழுக்க நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாசம் இல்லாத ஊர் என்கிற நம் ஆட்களிடமோ எனக்குத் தயக்கமே இல்லை, கோபம்தான் வருகிறது. எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்து, ஏழு மணிக்கு அரிசி களைந்து, ஒன்பது மணிக்கு எல்லோரும் சாப்பிட்ட பின் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்கள் எனக்குத் தெரிந்தே இங்கே பல பேர். அதைப் பாசம் என்று பேர் வைத்து அவர்கள் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பாட்டி மேசையில் நான் பார்த்த பாசம், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரியைப் பாருங்கள். வருஷத்திலேயே பெரிய ராத்திரி அது. அன்றைக்கு ஏராளமான வீடுகளில் சாப்பாடு உருளைக்கிழங்கு சாலடும் வெந்நீரில் சூடுபடுத்திய சாஸேஜும்தான். சாலடை முந்தின நாளே பிசைந்து வைத்துவிடுவார்கள், ஊறினால்தான் நன்றாக இருக்கும். வாத்தும் சிவப்புக் கோசும் மறுநாள் மத்தியானம். பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போது அம்மா சமையற்கட்டில் இருக்கக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இப்போது திரும்பவும் இடம் மாறுகிறது

பாட்டியின் பேத்தி ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அவளும் கணவனும் வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானம் கணினி முன்னால் ஒரு ரொட்டி உருண்டை, ராத்திரி ஏழரைக்கு வீட்டில் பாஸ்தா. இவளைப் போலத்தான் இன்று நிறையப் பேர். சூடான வேளை மத்தியானத்திலிருந்து ராத்திரிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது, ஆபென்ட்ப்ரோட் மெலிந்துகொண்டே வருகிறது. ரொட்டி சுடும் சின்னக் கடைகளும் குறைந்து, நாடு முழுக்கக் கைத்தொழில் பேக்கரி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. பாட்டிக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான்: "குழந்தை மழலையர் பள்ளியில் மத்தியானம் சூடாகச் சாப்பிட்டுவிட்டது. ஏழரை மணிப் பாஸ்தா யாருக்கு?" பேத்தியிடம் அதற்குப் பதில் உண்டு, எங்களுக்கு என்கிறாள், நாங்கள் இன்னும் சூடாகச் சாப்பிடவில்லையே. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் அலுவலகத்தில் கேன்டீன் இல்லை.

ஆனால் நான் கவனித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2021-இல் போட்ட சட்டத்தின்படி, 2026 ஆகஸ்டிலிருந்து முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பாட நேரத்தையும் சேர்த்து, வாரத்தில் ஐந்து நாளும் நாளைக்கு எட்டு மணி நேரப் பராமரிப்பு கேட்கும் உரிமை உண்டு. வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி நாலாம் வகுப்பு வரை போகும். கிழக்கில் பெரும்பாலும் இது ஏற்கனவே நடக்கிறது. மேற்கில் பல ஊர்களுக்குப் புதுசு. எட்டு மணி நேரம் பிள்ளை பள்ளியில் இருந்தால் மத்தியானச் சாப்பாடு பள்ளியில்தான். யாராவது சமைத்தே ஆக வேண்டும். அது நன்றாக நடந்தால் வீடுகளில் சாயங்காலம் கொஞ்சம் லேசாகும். நடக்காவிட்டால் பிள்ளை அரைவயிற்றோடு வரும், ராத்திரி அம்மாவோ அப்பாவோ மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நிற்பார்கள்.

எங்கள் பெண் படிக்கும் பள்ளியிலும் சாப்பாடு வெளியிலிருந்துதான் வருகிறது. காலையில் சமைத்துச் சூடு காக்கும் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் கைக்கு வரும்போது நூடுல்ஸ் களியாகிவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசினோம். பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் கிழக்கு ஜெர்மனிக் காலத்துச் சமையலறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதைச் சீர்செய்து அங்கேயே சமைக்கலாம், ஒரு சாப்பாட்டுக்கு விலை கொஞ்சம் கூடும், முடியாத குடும்பங்களுக்கு உதவித்தொகை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு யோசனை. விலை ஏறக் கூடாது, இப்போது இருப்பதே போதும் என்பது இன்னொன்று. வீட்டில்தான் ராத்திரி சமைக்கிறோமே என்றார் ஓர் அப்பா. நான் எழுந்து பாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன், ராத்திரி சமைப்பது யார் என்றும் அவரிடம் கேட்டேன். சமையலறை வேண்டும் என்ற பக்கம் கை தூக்கியவர்கள்தான் அதிகம். நகராட்சிக்கு மனு போயிருக்கிறது. குழாய்களும் புகைபோக்கியும் என்ன நிலைமையில் இருக்கின்றன என்று பார்க்க அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறார்களாம். அந்த மாதிரிக் கொப்பரைகளையும் சமையற்கட்டையும் அறிந்தவர் என்பதால் பாட்டியையும் அன்றைக்குக் கூட்டிப்போகிறேன்.